கடற்பாசி இழுத்த கரி எங்கே போகிறது?

மும்பை செம்பூரில் எங்கள் சொசைட்டி வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி அடிக்கடி சுற்றி வரும். கடற்பாசி மரத்தைவிடப் பல மடங்கு வேகமாகக் கரியமில வாயுவை இழுக்குமாம். கடல் முழுக்க அதை வளர்த்துவிட்டால் பூமி சூடாவது நின்றுவிடுமாம். கூடவே தெளிந்த நீரில் பாசி ஆடும் படம் ஒன்று, கும்பிடும் கைகள் நாலு. மூன்றாவது மாடி மாமி அதைப் பார்த்துவிட்டு, “கடல்தான் நம்ம வாசல்லயே இருக்கே, இங்கேயே வளர்த்தா என்னப்பா?” என்று கேட்டார். நல்ல கேள்வி. லிஃப்டில் நின்றபடி பதில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அந்தச் செய்தியில் பாதி சரி. பாசி கரியை (கரியமில வாயுவில் இருக்கும் கார்பனைத்தான் சொல்கிறேன்) இழுக்கிறது, வேகமாகவே இழுக்கிறது. இழுத்ததைத் திரும்ப வெளியே விடாமல் பல நூறு ஆண்டு பிடித்து வைக்க வேண்டுமே, அந்த இடத்தில்தான் கணக்கு உதைக்கிறது.

மூங்கில் மிதவையில் 45 நாள்

பாந்த்ரா பாண்ட்ஸ்டாண்ட் பக்கம் நீர் வற்றும் நேரத்தில் பாறைமேல் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், காலை வாரிவிடும் பச்சை வழுவழுப்பு ஒன்று அங்கே படர்ந்திருக்கும். அதுவும் கடற்பாசிதான். பச்சை, பழுப்பு, சிவப்பு என்று மூன்று பெரும் வகைகள் உண்டு. பார்க்கச் செடி மாதிரி இருந்தாலும் வேர் கிடையாது, பூ கிடையாது, மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளும் கிடையாது. பாறையைப் பற்றிக்கொள்ள ஒரு பிடிப்பு இருக்கும், அவ்வளவுதான். சாப்பாட்டை உடம்பு முழுவதாலும் கடல்நீரிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும். தண்டு, வேர் என்று கட்டுமானச் செலவு இல்லாததால்தான் இத்தனை வேகம். இந்த லிக்னின் விஷயத்தை மட்டும் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தியாவில் கடற்பாசி என்றால் முதலில் ராமநாதபுரம்தான். அங்கே பெண்கள் தலைமுறைகளாகக் கடலில் முங்கி மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று பாசி எடுத்து வருகிறார்கள். அவை தானாக விளைபவை. வளர்க்கப்படுவது வேறு ஒன்று, கப்பாஃபைகஸ் என்ற சிவப்புப் பாசி. பிலிப்பைன்ஸ் பக்கத்துச் சரக்கு. பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் 1980களில் இதைக் கொண்டுவந்து பழக்கியது. 2000ஐ ஒட்டி பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் வளர்க்கச் சொல்லி வாங்க ஆரம்பித்ததில், மண்டபம் ஊர்ப் பக்கத்தில் அதற்குப் ‘பெப்சி பாசி’ என்றே பெயர் வந்துவிட்டது.

வளர்க்கும் விதம் எளிமையானது. 12 அடிக்கு 12 அடி சதுரமாக மூங்கிலைக் கட்டி ஒரு மிதவை. அதன் குறுக்கே 20 கயிறு. ஒவ்வொரு கயிற்றிலும் 20 துண்டுப் பாசி, துண்டு ஒன்று 150 கிராம். ஆக மொத்தம் 60 கிலோ விதைப்பாசி. ஓரா மாதிரிப் பாசி தின்னும் மீன்கள் வந்து மேய்ந்துவிடாமல் அடியில் ஒரு வலை. உரம் வேண்டாம், நன்னீர் வேண்டாம், நிலமும் வேண்டாம். சுமார் 45 நாளில் 60 கிலோ 240 கிலோ ஆகிவிடும். அதில் ஒரு பங்கை அடுத்த போகத்துக்கு விதையாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தைக் கரையில் வெயிலில் காய வைப்பார்கள்.

இப்போது கரிக்கணக்கு. கூடுதலாக விளைந்தது 180 கிலோ. ஈரப்பாசியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், காய்ந்தால் 18 கிலோ நிற்கும். அதில் கால் பங்கு கரி என்று வைத்துக்கொண்டால் நாலரை கிலோ. கரியின் எடையை 3.67ஆல் பெருக்கினால் அது எவ்வளவு கரியமில வாயுவாக இருந்தது என்று தெரியும் (கரி அணுவின் எடை 12, கரியமில வாயு மூலக்கூறின் எடை 44, அதனால் இந்தப் பெருக்கல்). விடை 16, 17 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு வரும். ஆக ஒரு மிதவை, ஒன்றரை மாதம் கடலில் கிடந்து இழுப்பது ஏழு லிட்டர் பெட்ரோலின் புகை. ஸ்கூட்டருக்கு ஒன்றரை டேங்க்.

இதை உலகக் கணக்குக்கு நீட்டிப் பார்க்கலாம். உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 3.5 கோடி டன் ஈரப்பாசி வளர்க்கிறார்கள், பெரும்பகுதி சீனாவிலும் இந்தோனேசியாவிலும். அதே விகிதத்தில் போட்டால் முப்பது லட்சம் டன்னுக்குக் கொஞ்சம் மேலே கரியமில வாயு வரும். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிப்பதால் ஆண்டுதோறும் காற்றில் சேர்வது 3,700 கோடி டன்னுக்கு மேல். பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதுவும் இழுத்தது அத்தனையும் அப்படியே பூட்டி வைக்கப்பட்டது என்று தாராளமாக எடுத்துக்கொண்டால்.

பாசிக்குக் காற்று தெரியாது

வாட்ஸாப் செய்தி தாண்டிக் குதித்துவிடும் ஒரு படி இருக்கிறது. பாசி கரியை எடுப்பது காற்றிலிருந்து இல்லை, கடல்நீரிலிருந்து.

கடலில் காற்றில் உள்ளதைப் போல நாற்பது மடங்குக்கு மேல் கரி கரைந்திருக்கிறது. அதில் கரியமில வாயுவாகவே இருப்பது நூற்றில் ஒரு பங்கு அளவுதான். பத்தில் ஒன்பது பங்கு பைகார்பனேட் என்ற வடிவில் இருக்கிறது. சமையல் சோடாவில் இருக்கும் அதே பைகார்பனேட். பாசி இந்த இருப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. எடுத்த பிறகு அந்த நீரில் கரி கொஞ்சம் குறைகிறது. குறைந்ததை ஈடுகட்ட மேலே உள்ள காற்றிலிருந்து வாயு மெல்ல உள்ளே இறங்கவேண்டும். அப்போதுதான் வானத்துக்கு லாபம்.

அந்த இறக்கம் மெதுவானது. உயிர்வாயு என்றால் சில வாரங்களில் காற்றோடு சமன் ஆகிவிடும். கரியமில வாயு மட்டும் இறங்க இறங்கப் பைகார்பனேட்டாக மாறிக்கொண்டே போவதால், சமன் ஆக மாதக்கணக்கில், சில இடங்களில் ஓர் ஆண்டு வரைகூட ஆகும். அதற்குள் அந்த நீர் மேற்பரப்பை விட்டு ஆழத்துக்கு இறங்கிவிட்டால், காற்றிலிருந்து வரவேண்டிய வாயு வராமலே போய்விடும். பாக் நீரிணை மாதிரி ஆழம் குறைந்த கடலில் இந்தக் கவலை குறைவு. நீர் எங்கே போனாலும் காற்றைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். நடுக்கடலில் பண்ணை போடுகிறவர்கள்தான் இதற்குப் பதில் சொல்லவேண்டும்.

நடுக்கடலில் இன்னொரு வம்பும் உண்டு. அங்கே நைட்ரஜன், பாஸ்பரஸ் இரண்டுக்கும் எப்போதும் பஞ்சம். இருப்பதைக் கண்ணுக்குத் தெரியாத மிதவை நுண்பாசிகள் தின்று வளர்கின்றன, அவையும் கரியை இழுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. நாம் கொண்டுபோய் விடும் பாசி அந்தச் சத்தைப் பிடுங்கிக்கொண்டால் நுண்பாசிகள் குறையும். ஒரு பக்கம் கூட்டியதை மறுபக்கம் கழிக்கவேண்டும். ஏட்டில் கூட்டலை மட்டும் எழுதுவது எளிது, கழித்தலை அளப்பது கஷ்டம்.

வரவு உண்டு, இருப்பு எங்கே?

சரி, இழுத்தாகிவிட்டது. அறுவடையும் ஆயிற்று. அப்புறம்?

தாராவியில் நோன்பு மாதத்தில் மாலை வேளையில் போனால் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் வீடுகளில் கடல்பாசி காய்ச்சுவதைப் பார்க்கலாம். இங்கே கடைகளில் சைனா கிராஸ் என்று கேட்டால்தான் கொடுப்பார்கள். வைக்கோல் மாதிரி வெள்ளை வெள்ளையாக, கையில் எடுத்தால் கனமே தெரியாத கட்டு. தண்ணீரில் ஊறவைத்துக் காய்ச்சி, சர்க்கரையும் பாலும் ரோஸ் சிரப்பும் சேர்த்துத் தட்டில் ஊற்றினால் ஆறியதும் இறுகிவிடும். கத்தியால் சாய்சதுரமாகக் கீறி எடுத்து வாயில் போட்டால் பகல் முழுக்கக் காய்ந்த தொண்டைக்கு அவ்வளவு இதம். அது கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்து வகைகளிலிருந்து எடுக்கும் அகர். கப்பாஃபைகஸிலிருந்து வருவது கராஜீனன். ஐஸ்கிரீம் சீக்கிரம் உருகாமல் இருக்கவும் பற்பசை கெட்டியாக நிற்கவும் அதைச் சேர்க்கிறார்கள்.

அந்தத் துண்டுக்குள் இருக்கும் கரி, சில மாதங்களுக்கு முன் கடலில் கரைந்திருந்த கரிதான். சாப்பிட்டதில் கொஞ்சம் வயிற்றில் உள்ள நுண்ணுயிரிகள் தின்று மூச்சாகப் போகும். மிச்சம் சாக்கடையில் மட்கிப் போகும். எப்படியானாலும் சீக்கிரமே கரியமில வாயுவாகத் திரும்பிக் காற்றுக்கு வந்துவிடும். உணவு, பற்பசை, மாட்டுத் தீவனம், எரிபொருள் என்று எதுவாக ஆனாலும் கதை இதேதான். கையில் தங்காத மாதச் சம்பளம் மாதிரி. வரவு பெரிதாகத் தெரியும், மாதக் கடைசியில் பாஸ்புத்தகத்தைப் புரட்டினால் இருப்பு பழைய எண்ணிலேயே நிற்கும்.

அறுக்காமல் விட்டால்? அப்போதும் பெரும்பகுதி மட்கித்தான் போகும். லிக்னின் இல்லை என்றேனே, அதன் பலன் இங்கே தெரியும். மரக்கட்டை பல ஆண்டு கிடக்கும், பாசி சில வாரங்களில், மிஞ்சிப் போனால் சில மாதங்களில் கரைந்துவிடும்.

ஹார்பர் லைனில் மான்கூர்ட் தாண்டி வாஷி பாலத்தில் ரயில் ஏறும்போது ஜன்னல் பக்கம் நின்று பாருங்கள், தாணே கழிமுகத்தின் இருபுறமும் அலையாத்திக் காடு, கீழே கறுப்புச் சேறு. கரியைப் பிடித்து வைப்பது மரங்களைக் காட்டிலும் அந்தச் சேறுதான். உதிர்ந்த இலையும் செத்த வேரும் அதில் புதைகின்றன. உயிர்வாயு புகாத சேற்றில் நூற்றாண்டுக் கணக்கில் மட்காமல் கிடக்கின்றன. கடற்பாசிக்கு அந்த வசதி இல்லை. அது பெரும்பாலும் பாறையில் வளர்கிறது, அல்லது நாம் கட்டிய கயிற்றில். அடியில் சொந்தமாகச் சேறு கிடையாது.

முழுக்கக் கைவிடவேண்டியதில்லை. 2016இல் க்ராவுஸ்-யென்சன், துவார்த்தே என்ற இரண்டு விஞ்ஞானிகள் போட்ட கணக்கின்படி, இயற்கையாக வளரும் பெரும்பாசிகளிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 17 கோடி டன் கரி ஆழ்கடலுக்கும் கடலடி வண்டலுக்கும் போய்ச் சேர்கிறது. பிய்ந்துபோன துண்டுகள் நீரோட்டத்தில் போய் ஆழத்தில் விழுகின்றன, கொஞ்சம் கரைந்த நிலையிலேயே இறங்குகிறது. பிறகு 2025இல் வெளியான ஓர் ஆய்வு, பல நாடுகளில் 20 பாசிப் பண்ணைகளுக்கு அடியில் வண்டலைத் தோண்டிப் பார்த்தது. சராசரியாக ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சுமார் 2 டன் கரியமில வாயுவுக்கு ஈடான கரி அங்கே புதைந்திருந்தது. அறுவடை செய்து விற்ற பாசியோடு இதற்குச் சம்பந்தமில்லை. வளரும்போது உதிர்ந்து விழுந்த துணுக்குகள் அவை. சின்ன எண்தான், ஆனால் தோண்டி அளந்து பார்த்துச் சொன்ன எண் என்பதால் எனக்கு இதன்மேல் மரியாதை அதிகம்.

மூழ்கடித்துவிட்டால் என்ன?

வளர்த்த பாசியை வேண்டுமென்றே ஆழ்கடலில் மூழ்கடிப்பது என்று ஒரு யோசனை உண்டு. ஆயிரம் மீட்டருக்குக் கீழே போய்விட்டால் அது மட்கினாலும் அந்த நீர் மேலே வரப் பல நூறு ஆண்டு ஆகும், அதுவரை கரி வெளியே வராது. வேதியியல்படி நியாயமான யோசனை.

மும்பையிலிருந்து பார்த்தால் இதில் உள்ள இடறல்கள் பளிச்சென்று தெரியும். நம் கரைக்கு நேரே கடல் சட்டென்று ஆழமாகாது. பாம்பே ஹை எண்ணெய் வயல் கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கேயே ஆழம் 75 மீட்டர் அளவுதான். ஆயிரம் மீட்டர் வேண்டுமானால் இன்னும் வெகுதூரம் டீசல் எரித்துப் போகவேண்டும். (கச்சா எண்ணெயே பெரும்பாலும் பழங்காலக் கடலின் நுண்ணுயிர்கள் சேற்றில் புதைந்து உருவானதுதான். கடல் பல கோடி ஆண்டு எடுத்துப் பூட்டியதை அதே கடலில் குழாய் போட்டு எடுத்துக்கொண்டே, பக்கத்தில் பாசியை மூழ்கடிப்பது பற்றி நாம் பேசுகிறோம்.) அதோடு, அரபிக்கடலின் நடு ஆழத்தில், 150 மீட்டரிலிருந்து ஆயிரம் மீட்டர் வரையிலும், உயிர்வாயு ஏறக்குறைய இல்லை. உலகிலேயே தடிமனான உயிர்வாயுப் பஞ்சப் பகுதிகளில் ஒன்று அது. மட்கும் பொருளை லட்சக்கணக்கான டன் அதன் வழியே கொட்டினால் இருக்கும் கொஞ்சமும் தீரும், அங்கே நைட்ரஸ் ஆக்சைடு மாதிரி இன்னும் மோசமான வாயுக்கள் உருவாகவும் வாய்ப்பு உண்டு.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ரன்னிங் டைட் என்ற நிறுவனம் கடலில் மூழ்கடித்துக் கரியை நீக்குவதாகச் சொல்லிப் பெரிய நிறுவனங்களுக்குக் கார்பன் கிரெடிட் (இத்தனை டன் கரியை நீக்கினோம் என்ற சான்று) விற்றது. பாசியில் தொடங்கிய திட்டம், கடைசியில் ஐஸ்லாந்து அருகே கொட்டியது பெரும்பாலும் மரத்தூளும் மரச்சில்லுகளும். 2024 ஜூனில் கம்பெனியை மூடிவிட்டார்கள்.

அளவு என்னும் பிரச்சினையும் இருக்கிறது. அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2021இல் வெளியிட்ட அறிக்கை ஒரு கணக்குச் சொன்னது: ஆண்டுக்கு 10 கோடி டன் கரியமில வாயுவை இந்த வழியில் நீக்கவேண்டுமானால் சுமார் 73,000 சதுர கிலோமீட்டர் பாசிப் பண்ணை வேண்டும். தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கும் மேல். இத்தனையும் போட்டாலும் கிடைப்பது உலகப் புகையில் முந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. இதில் எனக்கு இன்னொரு சந்தேகம். காயவைத்தால் காசு கிடைக்கும் பாசியை எந்த விவசாயி மனமுவந்து கடலில் அமிழ்த்துவார்?

மாமிக்குப் பதில்

மும்பை வாசலில் ஏன் வளர்க்க முடியாது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கும் அலையில் மூங்கில் மிதவை ஒரு வாரம் தாங்காது. இங்கே பெரிய ஏற்றத்தின்போது நீர் ஐந்து மீட்டர் வரை ஏறி இறங்கும். கலங்கல் அதிகம், வெளிச்சம் உள்ளே போகாது. மித்தி ஆறும் மற்ற நாலாக்களும் (பெரிய சாக்கடைக் கால்வாய்கள்) கொண்டுவந்து சேர்க்கும் கழிவில் நைட்ரஜன் தாராளமாக இருப்பதால் பச்சைப் பாசி வேண்டுமானால் தளதளவென்று வளரும், ஆனால் நீரில் உள்ள கன உலோகங்களையும் சேர்த்தே உறிஞ்சிக்கொள்ளும். அந்தப் பாசியைத் தட்டில் ஊற்றிச் சாய்சதுரம் போட முடியாது.

அப்படியானால் கடற்பாசியால் பிரயோஜனமே இல்லையா என்றால், நிறைய உண்டு. கரியை நீக்குவது ஒரு கணக்கு, வரவிருக்கும் புகையைத் தவிர்ப்பது வேறு கணக்கு. பாசியின் பலம் இரண்டாவதில். கப்பாஃபைகஸைப் பிழிந்த சாற்றைப் பயிருக்குத் தெளித்தால் வளர்ச்சி கூடுகிறது; சாகரிகா என்ற பெயரில் உரக் கடையில் கிடைப்பது இந்த வகைதான். அதனால் ரசாயன உரம் கொஞ்சம் குறைந்தால், அந்த உரத்தைத் தயாரிக்க எரியும் எரிவாயுவும் குறையும். அஸ்பராகாப்சிஸ் என்ற சிவப்புப் பாசியைத் தீவனத்தில் சிட்டிகை அளவு கலந்தால் மாடு ஏப்பமாக விடும் மீத்தேன் (இதுவும் பூமியைச் சூடாக்கும் வாயுதான்) வெகுவாகக் குறைவதைச் சில சோதனைகள் காட்டின; ஒரு சோதனையில் 80 சதவீதத்துக்கும் மேல். நாடு முழுக்க எத்தனை மாடுகள் என்று யோசித்தால், இது ஆழ்கடலில் கொட்டும் திட்டத்தைவிடக் கவனிக்கத்தக்கது என்பது என் அபிப்பிராயம். ராமநாதபுரத்தில் வளமாவூர் பக்கம் 127 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் வரும் கடற்பாசிப் பூங்காவும் விதைப்பாசி, பயிற்சி, பதப்படுத்தல் என்று தொழிலாகவே பார்க்கிறது. அங்குள்ள பெண்களுக்கு வருமானம் என்பதே அதற்குப் போதுமான காரணம்.

தொழிலாகப் பார்த்தாலும் கவனம் வேண்டும். மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் இந்தக் கப்பாஃபைகஸ் பவளங்கள்மேல் படர்ந்து மூடுவதை 2008இலேயே ஆய்வாளர்கள் எழுதினார்கள். வெளியூர்ச் சரக்கு, பண்ணை வேலியை மதிக்காது.

2023இல் இந்திய அரசு கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்தை அறிவித்த பிறகு இந்த ஊர் அலுவலகங்களில் கிரெடிட் பேச்சு கூடியிருக்கிறது. பாசிக் கிரெடிட் என்று யாராவது உங்கள் கம்பெனிக்கு விற்க வந்தால், எத்தனை டன் வளர்த்தீர்கள் என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் பளபளப்பாக வரும். அறுத்த பாசி யாரிடம் போயிற்று, அவர் அதை என்ன செய்தார் என்று கேளுங்கள். கடலடியில் புதைந்தது என்றால் யார் தோண்டி அளந்தார்கள், பண்ணை வருவதற்குமுன் அங்கே எவ்வளவு இருந்தது என்று கேளுங்கள். படகு டீசலைக் கழித்தார்களா என்பதையும்.

விதை கிடைக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேட்கலாம். கப்பாஃபைகஸ் சூடு தாங்காது. கடல்நீர் 30 டிகிரியைத் தாண்டி நிலைத்தால் கிளைகள் வெளுத்து உடைந்து விழும். வளர்ப்பவர்கள் ஐஸ்-ஐஸ் நோய் என்பார்கள். 2013ஐ ஒட்டிப் பாக் நீரிணையில் பாசி கூட்டமாகச் செத்து விளைச்சல் சரிந்தது, பழைய அளவுக்கு ஏறப் பல ஆண்டு திணறியது. ஒரே தாய்ப்பாசியிலிருந்து வெட்டி வெட்டி நட்டதில் விதையும் நலிந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து புது விதைப்பாசி கொண்டுவர மத்திய அரசு 2024இல் தனியாக நெறிமுறை வெளியிட வேண்டியிருந்தது இதனால்தான். வரும் விதையை முதலில் தனியே வைத்து நோய் பார்த்த பிறகே கடலில் விடவேண்டும் என்பது அதில் ஒரு விதி.